வெர்சாயின் கீழ்த்தளம்: பிரெஞ்சு இளவரசியைப் புனைய நினைப்பவர்களுக்கு ஒரு மதிப்புரை

வெர்சாய் அரண்மனைக்கு டிக்கெட் வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் கண்ணாடிக் கூடத்தையும் அரசியின் படுக்கையறையையும் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஊர் சுற்ற வந்தவர்களுக்கு அது போதும். மாற்று வரலாறு, அதாவது நடந்ததில் ஒரு திருப்பத்தை மாற்றிக் கதை, எழுதுகிறவர்களுக்கு, அதிலும் பிரெஞ்சு வரலாற்றில் இல்லாத ஒரு இளவரசியைப் படைத்து அவளுக்கு ஒரு முழு வாழ்க்கையைக் கட்டித் தர நினைப்பவர்களுக்கு, அது போதாது. மேல்தளம் ராஜாவையும் ராணியையும் காட்டுகிறது. மகள்கள் கீழ்த்தளத்தில் இருக்கிறார்கள். அதே டிக்கெட்தான், ஆனால் பத்தில் ஒருவர்கூட அங்கே நின்று பார்ப்பதாகத் தெரியவில்லை.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். வெர்சாய்க்கு ஒரு முழு நாள், அரச கல்லறைகள் உள்ள சேன் தெனிக்கு அரை நாள் என்று ஒதுக்கினால் ஒரு இளவரசியின் தொட்டில் முதல் கல்லறை வரை தேவையான பொருள் கிடைத்துவிடும். தோட்டத்துக்கு அப்பால் இருக்கும் த்ரியானோன் சிறு மாளிகைகளும் ராணியின் குக்கிராமமும் இந்த வேலைக்குப் பெரிதாக உதவாது. இளவரசிகள் சிலர் வளர்ந்த ஃபோந்தெவ்ரோ மடம் உதவும், ஆனால் எல்லாக் கதைக்கும் அல்ல.

டிக்கெட் விஷயம். ‘பாஸ்போர்ட்’ என்ற பெயரில் விற்பது அரண்மனை, த்ரியானோன், தோட்டம் மூன்றுக்கும் சேர்த்து. அரண்மனைக்கு மட்டும் தனி டிக்கெட் உண்டு. இந்த மதிப்புரையைப் பின்பற்றுகிறவர்களுக்கு அதுவே போதும். விலை பருவத்தைப் பொறுத்து மாறுவதால் அதிகாரபூர்வத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். நவம்பர் முதல் மார்ச் வரை மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம், ஆனால் கூட்டத்தில் கீழ்த்தளத்தை நிதானமாகப் பார்க்க முடியாது. அரண்மனை நுழைவுக்கு நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். பாரிஸ் மியூசியம் பாஸ் வைத்திருப்பவர்களும் தனியாக நேரம் பதிய வேண்டும். பாஸ் கையில் இருக்கிறதே என்று நேராக வாசலுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் ஏராளம்.

திங்கட்கிழமை விடுமுறை. செவ்வாய்க்கிழமை லூவ்ர் மூடியிருப்பதால் அந்தக் கூட்டமும் இங்கே வந்து சேரும். புதன், வியாழன் காலை 9 மணி ஸ்லாட் நல்லது. பாரிஸிலிருந்து ஆர்.இ.ஆர். சி புறநகர் ரயிலில் வருகிறவர்கள் ‘வெர்சாய் ஷாத்தோ ரீவ் கோஷ்’ என்ற கடைசி நிறுத்தத்துக்குப் போகும் வண்டியா என்று பார்த்து ஏற வேண்டும். சி தடம் பல கிளைகளாகப் பிரியும். வண்டியின் நாலெழுத்துப் பெயர் ‘வி’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் சரியான வண்டி. தவறிப்போய் ‘வெர்சாய் ஷாந்தியே’யில் இறங்கினாலும் மோசமில்லை, நடை கொஞ்சம் கூடும். மோன்பர்னாஸிலிருந்து என் தடத்தில் வருகிறவர்கள் இறங்குவதும் அங்கேதான். கோடையில் சி தடத்தில் பராமரிப்பு வேலை நடப்பதுண்டு. அப்போது இந்த வழியே பாதுகாப்பு.

உள்ளே நுழைந்ததும் ஓட்டம் உங்களை மேல்தளத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். எதிர்க்க வேண்டாம், ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். கண்ணாடிக் கூடம் 73 மீட்டர் நீளம், 17 வளைவுகளில் 357 கண்ணாடிகள். ஒரு இளவரசி அந்தக் கூடத்தில் எப்படி நடந்திருப்பாள் என்பதை அளக்க அந்த நீளம் பயன்படும். அரச குடும்பத்துப் பெண்களின் சடங்கு அங்கியின் வால் நீளம்கூடப் பதவிப்படிதான்: அரசிக்கு 11 ஓன், அரசரின் மகளுக்கு 9, அரசரின் மகன்வழிப் பேத்திக்கு 7, அரச ரத்தத்து இளவரசிக்கு 5, டச்சஸுக்கு 3. ஒரு ஓன் ஏறத்தாழ 1.19 மீட்டர். அதாவது அரசரின் மகள் சுமார் பத்தே முக்கால் மீட்டர் துணியை இழுத்துக்கொண்டு நடப்பாள். அவள் திரும்புவதற்கு எவ்வளவு இடம் வேண்டும், எத்தனை பேர் பின்னால் தூக்கி வர வேண்டும், கோபத்தில் ‘சரேலென்று’ திரும்பி வெளியேற முடியுமா என்பதையெல்லாம் கூடத்தில் நின்றே முடிவு செய்துகொள்ளலாம். நான் படித்த பெரும்பாலான கதைகளில் இளவரசி சரேலென்று வெளியேறிக்கொண்டே இருக்கிறாள்.

இப்போது கீழே. 18-ஆம் நூற்றாண்டில் ஆண்ட 15-ஆம் லூயியின், ‘மதாம்கள்’ என்று அழைக்கப்பட்ட மகள்களின் அறைகள் நடுக்கட்டடத்தின் தரைத்தளத்தில் தோட்டத்தைப் பார்த்தபடி இருக்கின்றன. நீண்ட சீரமைப்புக்குப் பிறகு 2013-இல் மறுபடி திறந்தார்கள். அரண்மனை டிக்கெட்டிலேயே அடக்கம். எப்போதாவது மூடியிருக்கும், கிளம்புவதற்கு முன் அன்றைய அறிவிப்பைப் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் இதற்காகவே வருகிறவர்களுக்கு இது மூடியிருந்தால் நாளே வீண்.

15-ஆம் லூயிக்கு எட்டு மகள்கள். 1727 ஆகஸ்ட் 14 அன்று இரட்டையராகப் பிறந்த லூயீஸ் எலிசபெத், ஆன்ரியெத் தொடங்கி 1737-இல் பிறந்த லூயீஸ் வரை. எட்டுப் பேரில் கல்யாணம் ஆனது ஒருத்திக்குத்தான்: மூத்தவள் லூயீஸ் எலிசபெத், 1739-இல், பன்னிரண்டு வயதில், ஸ்பெயின் அரசரின் மகனுக்கு. மற்றவர்களுக்கு மாப்பிள்ளை கிடைக்காததற்கு அழகோ குணமோ காரணமில்லை. பிரான்ஸ் அரசரின் மகள் தனக்குக் கீழான அந்தஸ்தில் வாழ்க்கைப்படக் கூடாது. மாப்பிள்ளை கத்தோலிக்கராக இருக்க வேண்டும். வயதும் பொருந்த வேண்டும். இந்த மூன்று சல்லடையிலும் சலித்த பிறகு ஐரோப்பாவில் மிஞ்சியவர்கள் மிகச் சிலர். புனைவில் இளவரசிக்குப் ‘பல நாட்டு இளவரசர்கள் வரிசையில் நின்றார்கள்’ என்று எழுதுகிறவர்கள் முதலில் சரிபார்க்க வேண்டிய இடம் இது.

அறைகளின் வரிசையைக் கவனியுங்கள். மகள்களில் ஒருத்தியான விக்துவாரின் பகுதி முன்னறையில் தொடங்கி, பிரபுக்களைச் சந்திக்கும் கூடம், பெரிய அறை, படுக்கையறை, உள்ளறை, நூலகம் என்று போகிறது. அதை அடுத்து அவளுடைய அக்கா அதெலாயித்தின் பகுதி எதிர்த்திசையில், உள்ளிருந்து வெளியே விரிகிறது. இரண்டு அக்கா தங்கையும் முதுகோடு முதுகு ஒட்டிக் குடியிருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்: அந்தரங்க அறைகள் நடுவில், பொது அறைகள் இரு ஓரங்களில். வெளியாள் எந்த அறை வரை வரலாம் என்பதே அவனுடைய அந்தஸ்து. கதையில் ஒரு தூதுவனையோ காதலனையோ நேராகப் படுக்கையறைக்குக் கொண்டுபோகிறவர்கள், வழியில் எத்தனை கதவு, எத்தனை காவலாள் என்று இங்கே எண்ணிப் பார்க்கட்டும்.

இந்த இடத்தில் முன்பு 14-ஆம் லூயியின் குளியல் அறைத்தொகுதி இருந்தது. அதெலாயித் 1769-இல் வந்து சேர்ந்த பகுதியில் அதற்கு முன் குடியிருந்தவர் மதாம் தெ போம்பதூர். 1750-இலிருந்து 1764-இல் சாகும் வரை. அப்பாவின் ஆசைநாயகி இருந்த அறையில் மகள். அதற்கு முன்பு அதெலாயித் மேல்தளத்தில், அரசரின் உள்ளறைகளை ஒட்டி இருந்தாள். அவளுக்கு இடம் கொடுப்பதற்காக 1752-இல் ‘தூதுவர் படிக்கட்டு’ என்ற பிரம்மாண்டமான பளிங்குப் படிக்கட்டையே இடித்தார்கள். பிறகு அரசருக்கே கூடுதல் இடம் தேவைப்பட்டபோது அவள் கீழே இறங்கினாள். ஒரு இளவரசியின் செல்வாக்கு ஏறி இறங்கியதை மாடிப்படியில் அளக்க முடிகிற அபூர்வமான இடம் இது. மேல்தளத்தில் அவள் இருந்த பொன் வேலைப்பாட்டு அறையைப் பார்க்க வேண்டுமானால் அரசரின் அந்தரங்க அறைகளுக்கான வழிகாட்டிச் சுற்றில் தனியாகக் காசு கட்டிச் சேர வேண்டும். இந்த ஒன்றுக்குத் தாராளமாகக் கட்டலாம்.

மகள்களுக்கு வாசித்துக் காட்டும் வேலையில் இருந்த மதாம் காம்பான் தம் நினைவுக் குறிப்புகளில் இந்த வாழ்க்கையின் அன்றாடத்தைப் பதிவு செய்திருக்கிறார். காலையில் அரசர் தனிப் படிக்கட்டு வழியே அதெலாயித்தின் அறைக்கு இறங்கி வருவார். பல நாள் தாமே போட்ட காபியோடு. அதெலாயித் மணியை இழுத்து விக்துவாருக்குச் சொல்வாள். விக்துவார் எழுந்து போகும்போது சோஃபிக்கு மணி அடிப்பாள். சோஃபி லூயீஸுக்கு. லூயீஸின் அறை கடைக்கோடி. அவளோ மிகவும் குள்ளம், முதுகும் கோணல். அத்தனை அறையையும் ஓடிக் கடந்து வந்து சேரும்போது, அப்பா வேட்டைக்குக் கிளம்புவதற்குள் ஒரு தழுவலுக்குத்தான் நேரமிருக்கும்.

மாலை ஆறு மணிக்கு இன்னொரு சடங்கு. அரசர் வேட்டையிலிருந்து வந்து காலணி கழற்றும் நேரம். மகள்கள் வீட்டு உடையின் மேலேயே பெரிய வளையப் பாவாடையை மாட்டி, இடுப்பில் நீண்ட வாலைக் கட்டி, உள்ளே இருக்கும் கோலம் தெரியாமல் இருக்க முகவாய் வரை கறுப்புப் பட்டு அங்கியால் மூடிக்கொள்வார்கள். தீவட்டி பிடித்த ஆட்கள் முன்னால் போக, பணிப்பெண்கள் பின்னால் வர, அரசரிடம் போவார்கள். அவர் ஒவ்வொருத்தி நெற்றியிலும் முத்தமிடுவார். கால் மணி நேரத்தில் திரும்பி வந்து, பாவாடை நாடாவை அவிழ்த்துவிட்டு, விட்ட பூவேலையைத் தொடர்வார்கள். அரச வாழ்வின் ஆடம்பரத்தையும் அலுப்பையும் இதைவிடச் சிக்கனமாக ஒரு காட்சியில் வைக்க முடியுமா என்று தெரியவில்லை.

ஆனால் அறைகளில் இதையெல்லாம் சொல்லும் பலகை இல்லை. இதுதான் இந்தப் பகுதி மீது என் பெரிய புகார். விளக்க அட்டைகள் நாற்காலி யார் செய்தது, எந்த ஆண்டு என்று சொல்கின்றன. அதில் யார், ஏன் உட்கார்ந்திருந்தாள் என்பதில் கஞ்சத்தனம். காம்பானின் குறிப்புகள் பதிப்புரிமை காலாவதியானவை. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகக் கிடைக்கும். மகள்களைப் பற்றிய முதல் அத்தியாயத்தையாவது போனில் வைத்துக்கொண்டு, அறைக்கு அறை நின்று படிப்பது ஆடியோ கைடைவிடப் பல மடங்கு பயன் தரும்.

இரண்டாவது குறை பொருட்களைப் பற்றியது. இங்கே இருப்பதெல்லாம் அந்தப் பெண்கள் புழங்கிய சாமான் என்று நம்பி எழுதிவிடக் கூடாது. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793 ஆகஸ்ட் முதல் 1794 ஆகஸ்ட் வரை நடந்த ஏலத்தில் அரண்மனைச் சாமான்கள் 17,000-க்கும் மேற்பட்ட தொகுதிகளாக விற்றுப்போயின. மிச்சமிருந்த கீழ்த்தளத்து அறைகளை, 1837-இல் அரண்மனையை வரலாற்று அருங்காட்சியகமாகத் திறந்த அரசர் லூயி பிலிப், சுவரை உடைத்துக் காட்சிக்கூடங்களாக்கிவிட்டார். இன்று பார்ப்பது இருபதாம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் திரட்டி மீட்டெடுத்தது. சில பொருட்கள் அசல், சில அதே காலத்து மாற்று. சுவர் நிறத்தையும் திரைச்சீலையையும் அப்படியே கதைக்குள் எடுத்துப் போடுகிறவர்கள், அட்டையில் அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்ற வரியை மட்டும் தவறாமல் படிக்க வேண்டும்.

நம்பி எடுத்துக்கொள்ளக்கூடியவையும் உண்டு. அக்கா தங்கைகளின் புத்தகங்கள் தோல் அட்டை நிறத்தால் பிரிக்கப்பட்டவை: அதெலாயித்துக்குச் சிவப்பு, விக்துவாருக்குப் பச்சை, சோஃபிக்கு எலுமிச்சை மஞ்சள். ஒரு புத்தகம் தவறான அறையில் கிடந்தாலே கதை தொடங்கிவிடும். 1764-இல், எட்டு வயதில், மொசார்ட் அச்சிட்ட முதல் படைப்பான இரண்டு சொனாட்டாக்கள் விக்துவாருக்குச் சமர்ப்பிக்கப்பட்டவை. விக்துவாருக்குச் சாப்பாட்டில் பிரியம் அதிகம். இறைச்சியை விலக்க வேண்டிய தவக்காலத்தில் நீர்ப்பறவையைச் சாப்பிடலாமா என்று ஒரு பிஷப்பைக் கேட்டபோது அவர் சொன்ன சோதனையைக் காம்பான் எழுதி வைத்திருக்கிறார். சமைத்த பறவையைக் குளிர்ந்த வெள்ளித் தட்டின் மேல் குத்த வேண்டும். வடியும் சாறு கால் மணி நேரத்தில் உறைந்தால் அது இறைச்சி, எண்ணெயாகவே நின்றால் சாப்பிடலாம். நல்ல நாற்காலியும் நல்ல சாப்பாடும் இருக்கிற இந்தப் பெண் ஏன் மடத்துக்குப் போகவில்லை, தங்கை லூயீஸ் ஏன் போனாள் என்பதற்கு அந்த அறையே பாதி விடை சொல்லும்.

ஓவியங்களில் ழான் மார்க் நாத்தியே தீட்டியவற்றைத் தேடுங்கள். அவர் ஃபோந்தெவ்ரோவுக்குப் போய் வரைந்த படங்களின் பின்னணி தெரிந்தால் பார்வையே மாறும். 1738-இல் கடைசி நான்கு பெண்களை, விக்துவார், சோஃபி, தெரேஸ், லூயீஸ் ஆகியோரை, வெர்சாயில் வளர்க்கச் செலவு அதிகம் என்று அந்த மடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கடைக்குட்டி லூயீஸுக்கு அப்போது ஒரு வயதுகூட நிறையவில்லை. அதெலாயித் அப்பாவிடம் கெஞ்சித் தப்பித்தாள். தெரேஸ் 1744-இல் அங்கேயே இறந்தாள். விக்துவார் 1748-இல், சோஃபியும் லூயீஸும் 1750-இல் திரும்பினார்கள். அத்தனை ஆண்டும் பெற்றவர்கள் ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. பெண்கள் எப்படி இருக்கிறார்கள் என்று அம்மா தெரிந்துகொள்ளத்தான் ஓவியரை அனுப்பினார்கள்.

இங்கேதான் மாற்று வரலாறு எழுதுகிறவர்கள் சறுக்குகிறார்கள். ‘பிரான்ஸில் பெண்ணும் பட்டத்துக்கு வரலாம்’ என்று ஒரு சட்டத்தை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விடுகிறார்கள். பட்டத்துக்கு வரக்கூடிய பெண்ணை யாராவது செலவுக்குப் பயந்து 300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மடத்துக்கு அனுப்புவார்களா? அவளை வெளிநாட்டுக்குக் கட்டிக்கொடுப்பார்களா, இல்லை மாப்பிள்ளையை இங்கே கொண்டுவருவார்களா? அரசரின் ஆண்பிள்ளைகள் ஏழு வயதில் செவிலித்தாய்ப் பொறுப்பிலிருந்து ஆண் ஆசான்களிடம் ஒப்படைக்கப்படுவார்கள். பெண்கள் அப்படி மாறுவதில்லை. சட்டம் மாறினால் இவளுக்கும் ஏழு வயதில் ஆசான் வர வேண்டும், கீழ்த்தளத்தில் பட்டத்து இளவரசருக்கு ஒதுக்கிய அறைகள் இவளுக்குப் போக வேண்டும். அந்த அறைகளும் அதே தளத்தில்தான் இருக்கின்றன, 2022-இல் திறந்தார்கள். மகள்களின் அறையையும் அவற்றையும் அடுத்தடுத்துப் பார்த்தால் மாற்ற வேண்டியது எவ்வளவு என்று கண்ணால் அளந்துவிடலாம்.

சட்டத்தை எங்கே மாற்றுவது என்பதற்கு வரலாறே மூன்று நல்ல திருப்பங்களைத் தருகிறது. முதலாவது 1316. பத்தாம் லூயி இறந்து, அவருக்குப் பின் பிறந்த மகன் முதலாம் ழானும் சில நாளில் இறந்துபோக, மிஞ்சியது நான்கு வயது மகள் ழான். அவளுடைய தாய் மீது 1314-இல் எழுந்த கள்ளக்காதல் குற்றச்சாட்டால் அவள் பிறப்பின் மீதே சந்தேகம். சித்தப்பா ஐந்தாம் ஃபிலிப் 1317 ஜனவரியில் ரேம்ஸில் முடிசூடிக்கொண்டார். அடுத்த மாதம் பாரிஸில் கூடிய சபை, பிரான்ஸின் முடி பெண்ணுக்கு வராது என்று முடித்தது. சாலிக் சட்டம் என்ற பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து இதற்குக் காரணமாகக் காட்டியது பின்னால் வந்தவர்கள். 1316-இலேயே அதை மேற்கோள் காட்டி வாதிடும் பாத்திரங்கள் வந்தால் விஷயம் தெரிந்தவர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். இரண்டாவது 1593: இரண்டாம் ஆன்ரியின் மகள்வழிப் பேத்தியான ஸ்பெயின் இளவரசி இசபெல் கிளாரா யூஜெனியாவை அரியணையில் ஏற்றும் முயற்சி. அந்த ஜூனில் பாரிஸ் நீதிமன்றம் சட்டப்படி செல்லாது என்று தடுத்தது. மூன்றாவது, 16-ஆம் லூயியின் மகள் மரி தெரேஸ். புரட்சியில் சிறைப்பட்ட குடும்பத்தில் உயிரோடு வெளிவந்தவள் இவள் ஒருத்தி. 1795 டிசம்பரில், 17-ஆவது பிறந்தநாளை ஒட்டிய இரவில். மூன்றிலும் 1316-தான் எனக்குப் பிடித்தது. ஒரு குழந்தை இன்னும் சில நாள் பிழைத்தாலோ, ஒரு சித்தப்பா தாமதமாக வந்தாலோ போதும். கதையை வலிந்து இழுக்க வேண்டியதில்லை.

மரி தெரேஸைப் பின்பற்றுகிறவர்களுக்கு வெர்சாய் குறைவாகவே தரும். அவள் அடைபட்ட தாம்ப்ள் கோபுரத்தை நெப்போலியன் காலத்தில் இடித்துவிட்டார்கள். பாரிஸின் மூன்றாம் வட்டத்தில் அந்த இடத்தில் இப்போது ஒரு பூங்கா. அங்கே போவதைவிட அருகிலுள்ள கார்னவாலே அருங்காட்சியகத்தில் சிறையிலிருந்த அரச குடும்பத்தின் சாமான்களைப் பார்க்கலாம். நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. திங்கள் விடுமுறை.

அழைப்பு முறையிலும் பிழை மலிந்திருக்கிறது. அரசரின் மகளை, கல்யாணம் ஆகாத குழந்தையானாலும், ‘மதாம்’ என்றுதான் அழைப்பார்கள். ‘மத்முவாசெல்’ என்பது அரசரின் பேத்தி மட்டத்துக்கு. பெயர்சூட்டு ஞானஸ்நானம் பல ஆண்டு தள்ளிப்போகும்; அதுவரை மகள்களுக்கு எண்தான் பெயர், மதாம் முதலாமவள், இரண்டாமவள் என்று. வீட்டுக்குள் அப்பா வைத்த செல்லப் பெயர்களோ கந்தல், பன்றி என்ற ரகம். ‘இளவரசி அவர்களே’ என்று பக்கத்துக்குப் பக்கம் விளிக்கும் பணிப்பெண் அந்த அரண்மனையில் ஒரு வாரம் வேலை பார்த்திருக்க மாட்டாள்.

த்ரியானோன் பகுதி மதியம் 12 மணிக்குத்தான் திறக்கும்; அரண்மனையிலிருந்து நடந்தால் அரை மணி நேரம் ஆகும், சிறு ரயிலுக்குத் தனிக் கட்டணம். ராணியின் குக்கிராமம் 16-ஆம் லூயியின் மனைவி மரி அந்துவானெத்துக்காக 1783 முதல் 1786 வரை கட்டடக்கலைஞர் ரிஷார் மிக் கட்டியது. படமெடுக்க அழகு. ஆனால் அது ஒரு ராணி தனக்காகக் கட்டிக்கொண்டது. ஒரு மகளுக்கு அப்படிக் கட்ட அதிகாரமும் இல்லை, பணமும் இல்லை. கதாநாயகிக்குத் தனியாக ஒரு பண்ணையும் பால்மாடும் தந்தே தீர வேண்டும் என்றால் ஊருக்குள் இருக்கிற எலிசபெத் தோட்டத்துக்குப் போங்கள். 16-ஆம் லூயி தங்கை எலிசபெத்துக்காக 1783-இல் வாங்கியது. நுழைவு இலவசம், அவென்யூ தெ பாரிஸ் சாலையில் இருக்கிறது. பகலெல்லாம் அங்கே இருக்கலாம், ஆனால் 25 வயது ஆகும் வரை இரவில் அரண்மனைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று அண்ணன் நிபந்தனை போட்டிருந்தார். அவளுக்கு 25 நிறைந்தது 1789 மே மாதம். அக்டோபரில் புரட்சிக் கூட்டம் வந்து குடும்பத்தையே பாரிஸுக்கு இழுத்துப் போய்விட்டது. வீட்டுக்குள் கண்காட்சி நடக்கும்போதுதான் போக முடியும். தோட்டத்துக்கு ஒரு மணி நேரம் போதும்.

மறுநாள் சேன் தெனி. மெட்ரோ 13-ஆம் தடத்தில் ‘பசிலிக் தெ சேன் தெனி’ நிறுத்தம். பேராலயத்தின் முன்பகுதி இலவசம். அரச கல்லறைகள் உள்ள பகுதிக்கு டிக்கெட். 1316-ஐக் கையில் எடுக்கிறவர்கள் இங்கே அவசியம் வர வேண்டும். சில நாளே வாழ்ந்த முதலாம் ழானின் சின்னஞ்சிறு சிலை இருக்கிறது. உரிமை மறுக்கப்பட்டுப் பிறகு நவார் நாட்டின் அரசியான ழானும் இங்கேதான் புதைக்கப்பட்டாள். 1793-இல் கல்லறைகளை உடைத்து எலும்புகளைக் குழியில் கொட்டினார்கள். 1817-இல் திரட்டி நிலவறையில் ஒன்றாக வைத்து, பெயர்களைப் பளிங்குப் பலகைகளில் பொறித்தார்கள். புரட்சியிலிருந்து 1791-இல் தப்பி ஓடி, விக்துவார் 1799-இலும் அதெலாயித் 1800-இலும் த்ரியெஸ்தேயில் இறந்தார்கள். அவர்களையும் பின்னால் இங்கே கொண்டுவந்தார்கள். பலகைகளில் பெண்களின் பெயர்களைப் பொறுமையாகப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். கற்பனை இளவரசிக்குப் பெயர் வைக்க இதைவிட நம்பகமான பட்டியல் கிடைக்காது. ஒரே பெயர் தலைமுறைக்குத் தலைமுறை திரும்ப வருவதைப் பார்த்தபின், நாகரிகமான புதுப்பெயர் வைக்கும் ஆசை போய்விடும்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் பழைய கார்மெல் கன்னியர் மடம், இப்போது கவிஞர் போல் எலுவார் பெயரிலான நகர அருங்காட்சியகம். லூயீஸ் 1770 ஏப்ரல் 11 அன்று அரண்மனையிலிருந்து கிளம்பி வந்து சேர்ந்தது இங்கேதான். மரி அந்துவானெத்தின் கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அப்பாவைத் தவிர வீட்டில் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. 1773-இல் மடத்தலைவியானாள்; 1787 டிசம்பரில் இறக்கும் வரை அங்கேயே இருந்தாள். கல்யாணம், அரண்மனை என்ற இரண்டு வழியைத் தவிர ஒரு இளவரசி தானாகத் தேர்ந்தெடுக்க முடிந்த மூன்றாவது வழி இதுதான். அதுவும் அரசர் அனுமதித்தால்தான். மடத்துத் தேவாலயத்தைக் கட்டியவரும் குக்கிராமத்தைக் கட்டிய அதே மிக்தான். மருமகளுக்குப் பொம்மைக் கிராமம், அத்தைக்குக் கல் தேவாலயம்.

ஃபோந்தெவ்ரோவுக்குப் போகலாமா? கதாநாயகியின் குழந்தைப் பருவம் மடத்தில் கழிகிறது என்றால் மட்டும். பாரிஸிலிருந்து ரயிலில் சொமூர் வந்து, அங்கிருந்து பஸ் அல்லது டாக்ஸி பிடிக்க வேண்டும். பஸ் குறைவு என்பதால் திரும்பும் நேரத்தை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 12-ஆம் நூற்றாண்டு அரசி அகித்தேன் நாட்டு எலியனோரின் கல்லறைச் சிலை, கையில் புத்தகத்தோடு, பார்க்க வேண்டியது. ஆனால் இந்த மடம் 1804 முதல் 1963 வரை சிறைச்சாலையாக இருந்தது. 18-ஆம் நூற்றாண்டுப் பள்ளி வாழ்க்கையின் தடயம் கட்டடத்தில் சொற்பம். மண்டபங்களின் குளிரும் அளவும்தான் கிடைக்கும். மத்தியகாலக் கதைக்கு இது ஐந்துக்கு நான்கு, 18-ஆம் நூற்றாண்டுக் கதைக்கு இரண்டு.

நாள் திட்டம் இப்படி வைத்தால் சரியாக வரும். புதன் காலை 9 மணிக்கு அரண்மனை, ஒரு மணி நேரத்தில் மேல்தளம், பிறகு கீழ்த்தளத்தில் இரண்டு மணி நேரம். அந்தரங்க அறைகளின் வழிகாட்டிச் சுற்றுக்கு இடங்கள் சீக்கிரம் தீரும். டிக்கெட்டோடு சேர்த்து அப்போதே பதிந்துவிடுங்கள், காலை ஸ்லாட்டிலிருந்து மூன்று மணி நேரமாவது தள்ளி. மதியம் எலிசபெத் தோட்டம். வியாழன் காலை சேன் தெனி பேராலயமும் மடமும். நேரம் மிஞ்சினால் மதியம் கார்னவாலே. பெரிய பையோடு போகாதீர்கள். குறிப்பேடு, அளவு நாடா, போனில் காம்பான் போதும். அறைகளில் ஃபிளாஷும் செல்ஃபி ஸ்டிக்கும் கூடாது. அளவு நாடாவைச் சுவரிலோ சாமானிலோ வைத்தால் காவலர் ஓடி வருவார். வெளியே முற்றத்தில் பத்தே முக்கால் மீட்டரை அளந்து பார்ப்பதை யாரும் தடுப்பதில்லை.